படுத்தால் கூடுகிற தலைவலி

ஜைத்தூன் பீவியை எங்கள் தெருவில் யாரும் ஏமாற்றிவிட முடியாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் மற்ற வீடுகளில் சிலிண்டரை உருட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். ஜைத்தூன் அக்கா வீட்டில் மட்டும் தராசில் மாட்டிக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து கேட்பார். பத்து வருஷமாக அவருக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன். அவர் பொய் சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு முறை. அந்தப் பொய்யைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

அவருக்கு நாற்பத்தாறு வயது. கணவர் சலீம் பாய் பத்தொன்பது வருஷமாக சவுதியில் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். வந்த முதல் வாரம் விருந்தாளி, கடைசி வாரம் பெட்டி கட்டுகிற ஆள், நடுவில் கொஞ்ச நாள்தான் புருஷன் என்று அக்காவே சொல்லிச் சிரிப்பார். ஒரே மகள் சைமாவை வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்தது எல்லாம் அவர் ஒற்றை ஆளாகத்தான்.

செராமிக் எஸ்டேட்டில், மின்சாரப் பெட்டியில் மாட்டுகிற பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் பதினாறு வருஷமாக வேலை. அச்சிலிருந்து எடுத்து அடுக்கிய மண் துண்டுகளில் எது காய்ந்தது, எது காயவில்லை என்று பார்த்து, காய்ந்ததை மட்டும் சூளைக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. ஒவ்வொன்றையும் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு சூளைக்குள் போனால் வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். அக்கா கை பட்டுப் போன லோடில் சேதாரம் இருக்காது என்று முதலாளி எல்லாரிடமும் சொல்வார். ஈரம் என்றாலே அக்காவுக்கு ஆகாது. மழைக்காலத்தில் அவர் வீட்டுத் துணியெல்லாம் அடுப்படியில்தான் தொங்கும்.

நான் ஜயா. அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ரத்த ஓட்டப் பாடம் நடத்தி நடத்தி, இதயத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். தமனி சிவப்புச் சாக்பீஸ், சிரை நீலச் சாக்பீஸ். சைமாவும் என்னிடம் படித்தவள்தான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் என்னை நானே திட்டிக்கொள்ளும்போது இந்த விவரம் வேண்டியிருக்கும்.

போன மே மாதம், அக்னி நட்சத்திரத்தில், சைமாவுக்கு சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கு இருபத்து மூன்று வயது. கணவன் ஃபாயிஸ் ஷார்ஜாவில் சூப்பர் மார்க்கெட்டில் வேலை. அதனால் பிரசவத்துக்கு முன்பும் பின்பும் அம்மா வீடுதான். ஐந்தாம் நாள் நர்ஸிங் ஹோமிலிருந்து வந்தார்கள். வந்ததும் பின்கட்டு அறையில் கட்டில் போட்டு, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, ஃபேனை ஒன்றில் வைத்து, மகள் காதில் பஞ்சு அடைத்துவிட்டார் அக்கா. வெளியே தார் ரோடு இளகிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுக்குப் பூண்டும் மிளகும் அரைத்த குழம்பு, சுட்ட கருவாடு. தண்ணீருக்கு ஒரு குட்டிப் பீங்கான் கப். சுக்கு தட்டிப்போட்டுக் காய்ச்சிய தண்ணீர் காலையில் ஒரு கப், மத்தியானம் ஒரு கப், சாயங்காலம் ஒரு கப். அவ்வளவுதான். மருந்துக் கடையில் சிரப்போடு கொடுக்கிற அளவு மூடியை விடக் கொஞ்சம்தான் பெரிய கப் அது.

நான் கேட்டேன். கேட்காமல் இல்லை. "ஏங்கா, பால் குடுக்குற பொண்ணு. வெயிலு இப்படி அடிக்குது. கொஞ்சம் தண்ணி குடுக்கலாமே?"

"தையலு காயட்டும் டீச்சர். உள்ள நீர் கோத்துக்கிச்சின்னா அப்புறம் யாரு பாக்குறது?"

அவர் முகத்தில் இருந்தது பிடிவாதம் என்று அன்றைக்கு நினைத்தேன். அதற்குமேல் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எவ்வளவு பேசலாமோ அவ்வளவு பேசியாகிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, வந்து சீரியல் பார்த்தேன்.

ஃபாயிஸ் தினமும் வீடியோ காலில் வருவான். "மாமி, தண்ணி நெறைய குடிக்க சொல்லுங்க. இங்க எங்க ரூமுல ஒருத்தரோட வொய்ஃபு நர்ஸு, அவங்க சொன்னாங்க" என்பான். "நான் பாத்துக்கறேன் மாப்ள, நீங்க கவலப்படாதீங்க" என்று அக்கா சொல்வார். அது பொய் இல்லை. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் சைமாவுக்குத் தலைவலி வந்தது. நர்ஸிங் ஹோமுக்கு ஃபோன் செய்தோம். முதுகில் போட்ட மயக்க ஊசியால் சிலருக்கு இப்படி வரும், தலையணை இல்லாமல் நேராகப் படுக்க வையுங்கள், தண்ணீர் நிறையக் கொடுங்கள், வலி மாத்திரை ஒன்று போடுங்கள் என்று ஃபோனை எடுத்த பெண் சொன்னாள். அக்கா படுக்கவைப்பதைக் கேட்டுக்கொண்டார், தண்ணீரை விட்டுவிட்டார். இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கவே கூடாது.

"ஆமாங்கா, ஊசி வலிதான் இது. எம்பையன் அஸ்வத் பொறந்தப்ப எனக்கும் இப்படித்தான் இருந்துச்சி. நாலு நாள்ல போயிடும்."

அறிவியல் டீச்சர் சொன்னால் வேறு என்ன வேண்டும்? அக்கா மகளின் தலையணையை உருவிவிட்டார். சைமா படுத்த ஐந்தாவது நிமிஷம் எழுந்து உட்கார்ந்தாள். "படுத்தா தாங்கலம்மா. உக்காந்துக்கறேனே" என்றாள். அக்கா அவள் தோளைப் பிடித்து மெதுவாகச் சாய்த்தார். "ரெண்டு நாளு பல்லக் கடிச்சிக்கிட்டுப் படுத்துடு கண்ணு. சொன்னாங்கல்ல?" சைமா சொன்ன பேச்சு கேட்கிற பெண். பள்ளியிலும் அப்படித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தாள். கண்ணின் ஓரத்தில் நீர் வழிந்து காதுப் பஞ்சில் இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நான் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் இரண்டு முறை வாந்தி. "டீச்சர், ஒங்க மொகம் ரெண்டா தெரியுது" என்றாள். பித்தமாக இருக்கும், பலவீனமாக இருக்கும் என்றேன். என்னவெல்லாமோ சொன்னேன். அன்றைக்கு என் வாயை யாராவது தைத்துவிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு வேல்விழி வந்தார். அரசாங்கத்து நர்ஸம்மா, சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். பிரசவமான வீடுகளுக்கு ஸ்கூட்டியில் வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போவார். அதிகம் பேசமாட்டார். குழந்தையைத் துணித் தொட்டிலில் மாட்டி எடை பார்த்தார். தையலைப் பார்த்தார். "தையலு சூப்பரா காஞ்சிருக்குதும்மா" என்றார். அக்காவின் முகத்தில் பதினோரு நாளில் முதல்முறையாக நிம்மதி வந்தது. வேல்விழி பிரஷர் பார்த்தார். கொஞ்சம் அதிகமாக இருந்தது. பட்டையைச் சுருட்டிக்கொண்டே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த சைமாவைக் கேட்டார்.

"தலவலின்னா படுக்க வேண்டியதுதானே? ஏன் உக்காந்துகினு இருக்க?"

"உக்காந்தாதான் கொஞ்சம் தேவலக்கா. படுத்தா கூடுது."

சுருட்டுவதை நிறுத்தினார் வேல்விழி. "திருப்பிச் சொல்லு. படுத்தா கூடுதா, கொறையுதா?"

"கூடுது. காலையில எழுந்திருக்கும்போது ரொம்ப. இருமுனா மண்டையே பொளந்துடும் போல இருக்குது."

வேல்விழி எழுந்து எங்கள் இரண்டு பேரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். அந்தத் தாழ்ந்த குரல்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

"ஊசி வலின்னா உக்காந்தா கூடும், படுத்தா கொறையும். இந்தப் பொண்ணுக்குத் தலகீழா இருக்குது. இது ஊசி வலி இல்லம்மா. போன வருஷம் எங்க ஊருப் பக்கம் ஒரு பொண்ணு, இருபத்தோரு வயசு. எல்லாரும் ஊசி வலின்னாங்க. நானும்தான் சொன்னேன். பதினாறாம் நாளு போயிடுச்சி. மூளையிலேர்ந்து ரத்தம் கீழ எறங்குற கொழாயில ரத்தம் ஒறஞ்சி அடச்சிருந்துச்சாம். படுத்தா கூடுதான்னு அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒரு வார்த்த கேக்கல."

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பச்சை உடம்புக்காரியை இந்த வெயிலில் எங்கே தூக்கிக்கொண்டு போவது, தையல் பிரிந்தால் என்ன செய்வது, சாயங்காலம் பார்க்கலாம் என்றார். வேல்விழி 108க்கு ஃபோன் போட்டுக்கொண்டே முடியாது என்று தலையை ஆட்டினார். அப்போது பின்கட்டு அறையில் ஏதோ விழுந்த சத்தம்.

சைமா கட்டிலில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தாள். வலது கை தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. அவளுக்கும் அந்தக் கைக்கும் சம்பந்தமே இல்லாததுபோல. பிறகு முகத்தின் வலது பக்கம் இழுத்தது, பிறகு உடம்பு முழுவதும். வேல்விழி அவளை இடது பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். அக்கா கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை, கத்தவும் இல்லை. அவர் உதடு மட்டும் ஓதிக்கொண்டே இருந்தது. நான் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, செத்துவிட்டாள், செத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

குழந்தையை என் நாத்தனார் கோதையிடம் கொடுத்தோம். பவுடர் பால் எப்படிக் கரைப்பது என்று வேல்விழி அவளுக்கு இரண்டே நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்தார். ஒரு துண்டுத் தாளில் மூன்று வரி எழுதி என் கையில் திணித்தார். பிரசவமாகிப் பதினோராம் நாள். படுத்தால் தலைவலி கூடுகிறது. வலது கையில் தொடங்கி வலிப்பு. "எந்த டாக்டரு வந்தாலும் இத மொதல்ல காட்டுங்க டீச்சர்" என்றார்.

நம்மூர் ஆஸ்பத்திரியில் வலிப்புக்கு ஊசி போட்டு, உடனே புதுச்சேரிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் அக்கா சைமாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பயணத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது சைமாவின் உதடுதான். வெடித்து, தோல் உரிந்து, ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. ஆறு நாளாக அது என் கண்ணில் படவில்லையா, பட்டும் பார்க்கவில்லையா, தெரியவில்லை.

போய்ச் சேரும்போது மணி இரண்டு. பெரிய ஆஸ்பத்திரி. பார்த்த டாக்டர் சின்னப் பெண், சைமாவைவிட நாலைந்து வயது அதிகம் இருக்கலாம். துண்டுத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். தலையை சிடி ஸ்கேன் எடுத்தார்கள். முக்கால் மணி நேரத்தில் வந்து சொன்னார்.

"சிடியில பெருசா எதுவும் தெரியலம்மா. அதுக்காக ஒண்ணும் இல்லன்னு சொல்ல முடியாது. பிரசவத்துக்கு அப்புறம் பிரஷர் ஏறி வர்ற வலிப்பா இருக்கலாம். இல்ல மூளையோட சிரையில ரத்தம் உறைஞ்சிருக்கலாம். அது சாதா சிடியில பல நேரம் தெரியாது. எம்ஆர்ஐல ரத்தக்குழாயத் தனியாப் படம் பிடிக்கணும். அங்க ஆக்சிடென்ட் கேஸுங்க வரிசையில இருக்கு. நாளைக்குக் காலையில கிடைக்கும். அதுவரைக்கும் பிரஷருக்குப் பாக்குறோம்."

பிறகு கேள்விகள். காய்ச்சல் இருந்ததா, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டாளா, குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா. அக்கா ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். அவர் கையில் ஃபோன் இருந்தது. ஃபாயிஸ் வீடியோ காலில் ஷார்ஜாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தண்ணியெல்லாம் நல்லாக் குடிச்சாங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

அக்கா ஃபோனை ஒரு தரம் பார்த்தார். "குடிச்சா. நல்லாவே குடிச்சா."

டாக்டர் எழுதிக்கொண்டார். பேனா நகர்வதை நான் பார்த்தேன். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மருமகன் கேட்டுக்கொண்டிருக்கிறான், சம்பந்தி வீட்டில் நாளைக்கு என்ன பேசுவார்கள், பத்து வருஷப் பழக்கம், நான் யார் நடுவில் என்று என்னென்னவோ தோன்றியது. அந்த வார்த்தையை விழுங்கிவிட்டேன். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். ஜைத்தூன் பீவி சொன்னது ஒரு பொய். நான் பக்கத்தில் நின்று அதற்குச் சாட்சி கையெழுத்துப் போட்டேன்.

அரை மணி நேரம் இருக்கும். நர்ஸ் வந்து சைமாவை எழுப்பினார். கண்ணைத் திறந்தாள், பதில் இல்லை. பெயர் கேட்டார், அதற்கும் பதில் இல்லை. வலது காலைத் தூக்கச் சொன்னார். இடது கால் மட்டும் அசைந்தது. நர்ஸ் வேகமாகப் போனார்.

அக்கா என்னைப் பார்த்தார். அதற்கு முன்பும் பின்பும் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இது பிடிவாதம் இல்லை, பயம். இத்தனை நாளும் பயமாகத்தான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஃபோனை முகத்துக்கு நேராக உயர்த்தினார்.

"மாப்ள, ஃபோன வச்சிடாதீங்க. நீங்களும் கேக்கணும்."

நேராக டாக்டரின் மேஜைக்குப் போனார். அங்கே இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போனார்.

"டாக்டரம்மா, நான் பொய் சொல்லிட்டேன். எம்பொண்ணுக்கு நான் தண்ணி குடுக்கல."

டாக்டர் நிமிர்ந்தார். அக்கா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். "இம்மாஞ்சோண்டு கப்பு. ஒரு நாளைக்கி மூணு. வூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து இப்படித்தான். கேட்டா, அழுதா, நான் குடுக்கல. தையலு காயணும்னு குடுக்கல."

"ஒண்ணுக்கு எத்தன தடவ போனாங்க?"

"நேத்து ஒரே தடவ. இன்னிக்கிப் போகல."

அந்த டாக்டர் திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். திட்டவில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலி பின்னால் போய் இடிக்கிற மாதிரி எழுந்தார். சைமாவின் கண் இமையை விலக்கிப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார், ஃபோனை எடுத்தார். பிரசவமாகிப் பதினோரு நாள், உடம்பில் சொட்டுத் தண்ணீர் இல்லை, படுத்தால் கூடுகிற தலைவலி, ஒரு பக்க வலிப்பு, இப்போது ஒரு பக்கம் வரவில்லை, நாளைக் காலைவரை வைத்திருக்க முடியாது சார் என்று யாரிடமோ சொன்னார். கையில் குளுக்கோஸ் ஏறத் தொடங்கியது. இருபது நிமிஷத்தில் எம்ஆர்ஐக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்காவின் கையிலிருந்த ஃபோனில் ஃபாயிஸின் முகம் அப்படியே இருந்தது. அவன் கட் பண்ணவில்லை.

படத்தைக் கம்ப்யூட்டரில் எங்களுக்குக் காட்டினார் டாக்டர். மண்டை ஓட்டின் உள்பக்கம், நெற்றியிலிருந்து பின்னந்தலை வரைக்கும் ஒரு பெரிய சிரை வளைந்து போகவேண்டும். முன்பக்கம் கொஞ்ச தூரம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு கோட்டைக் காணோம். வெறும் கறுப்பு. பதினாலு வருஷமாக இதயத்தையும் கையையும் காலையும் வரைந்தேன். தலைக்கு ஏறுகிற ரத்தம் எப்படியோ இறங்கியாக வேண்டும் என்று எனக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லை. நான் வரைந்த படங்களில் கழுத்துக்கு மேலே நீலக் கோடே கிடையாது.

"இந்த இடம் பூரா உறைஞ்சிருக்கு" என்றார் டாக்டர். "வடிகால் அடச்சதால பின்னாடி ரத்தம் தேங்கி, இதோ, இந்த இடத்துல மூளைக்குள்ள கொஞ்சம் கசிஞ்சும் இருக்கு. ரத்தத்த இளக்குற ஊசி உடனே போடணும். நீங்க கையெழுத்து போடணும்."

அக்கா கேட்டார், "கசியிற எடத்துல எளக்குற ஊசியா? இன்னும் கசியாதா?"

"கசியலாம். அந்த ஆபத்து இருக்கு, இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா அடைப்பு இருக்குறதாலதான் கசியுது. அடைப்பு பெருசாகாம நிறுத்தலன்னா கசிவும் நிக்காது. போடுறதவிட போடாம இருக்குறதுலதான் ஆபத்து அதிகம். ஒவ்வொரு தடவையும் எங்களுக்கும் பயமாத்தாம்மா இருக்கும்."

நாலு பக்கத் தாள். அந்த நிலைமையிலும் அக்கா முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படித்தார். படித்துவிட்டு என்னிடம் திரும்பினார். "டீச்சர், நீங்க சொல்லுங்க. போட்டுடலாமா?"

ஊசி வலிதான், நாலு நாளில் போய்விடும் என்று சொன்ன வாய் இது. அதைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. அதுவரை சத்தமே போடாத ஃபோனிலிருந்து ஃபாயிஸ் பேசினான். "போடுங்க மாமி." அழுதிருக்கிறான், குரல் அடைத்திருந்தது. அக்கா கையெழுத்துப் போட்டார். ஊசியை சைமாவின் வயிற்றில், தையலுக்கு நாலு விரல் மேலே, தோலை மடித்துப் போட்டார்கள்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். இனிமேல் என்ன நடந்தாலும் உள்ளேயிருந்து ஆள் வந்துதான் சொல்ல வேண்டும். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். நான்தான் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "ஏங்கா இப்படி செஞ்சீங்க? அத்தன பேரு சொன்னோமே."

ஜைத்தூன் அக்கா சொன்னார். அவருக்கு ஒரு அக்கா இருந்தாராம், சேத்தியாத்தோப்பில் வாழ்க்கைப்பட்டவர். சைமா இவர் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது அந்த அக்காவுக்கு சிசேரியன். மூன்றாம் நாள் தாகம் தாங்காமல் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்.

"யாரும் பாக்காத நேரத்துல ஒரு சொம்பு தண்ணி குடுத்தேன் டீச்சர். கடகடன்னு குடிச்சாங்க. பன்னண்டாம் நாளு தையலு பிரிஞ்சி சீழு புடிச்சி மவுத்தாயிட்டாங்க. எவ தண்ணி குடுத்தான்னு வூட்ல எல்லாரும் கேட்டாங்க. நான் வாயத் தொறக்கல. சலீமுகிட்டகூட இந்த நாள் வரைக்கும் சொன்னதில்ல."

"அது தண்ணியால இல்லக்கா" என்றேன். "தையல்ல கிருமி போயிருக்கும். தண்ணி குடிச்சா தையல் பிரியாது. நீங்க குடுத்ததுல தப்பே இல்ல."

"இருவத்து மூணு வருஷம் கழிச்சி சொல்றீங்க" என்றார். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

மறுநாள் இன்னொரு வலிப்பு வந்தது. கசிவு கூடிவிட்டதா என்று திரும்ப ஸ்கேன் எடுத்தார்கள். கூடவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டால் திரும்பினாள். நாலாம் நாள் பெயர் சொன்னாள், குழந்தை எங்கே என்று கேட்டாள். காலும் மெல்ல அசைந்தது. வலது கைதான் விரலை மடக்க வரவில்லை. பயிற்சி கொடுத்தால் வரும், எப்போது என்று சொல்ல முடியாது, ரத்தம் இளகுகிற மாத்திரை ஆறு மாதமாவது சாப்பிட வேண்டும், ரத்தத்தை அடிக்கடி சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சலீம் பாய் டிக்கெட் போட்டுவிட்டதாகச் செய்தி வந்தது.

ஆறாம் நாள் காலை. சைமா சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டு முடித்திருந்தாள். அக்கா ஊட்டினார். தட்டைக் கழுவிக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போகப் பார்த்தேன். "இருங்க டீச்சர்" என்றார்.

"கண்ணு, ஒனக்கு இப்படி ஆனது என்னாலதான். நீ தண்ணி கேட்டப்ப நான் குடுக்கல. அதனாலதான் ரத்தம் ஒறஞ்சிச்சி. டாக்டரம்மாகிட்டயும் மொதல்ல பொய் சொன்னேன். ஒன்கிட்ட சொல்லாம என்னால ஒன் மொகத்தப் பாக்க முடியல."

சைமா இன்னும் நிதானமாகத்தான் பேசினாள். ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்தாள்.

"பிரசவம்னாலே ரத்தம் சீக்கிரம் ஒறையுமாம்மா. டாக்டரு சொன்னாங்க. தண்ணி மட்டும் இல்ல."

"நான் குடுத்திருந்தா..."

"பாத்ரூமுல கொழா இருந்துச்சில்லம்மா. நீதான் என்ன உள்ள உட்டுட்டு வெளிய நிப்ப. நானே தொறந்து குடிச்சிருக்கலாம். தெனமும் கொழாயில கைய வச்சிப் பாப்பேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நான் குடிச்சது தெரிஞ்சா நீ பயந்துடுவ. அதான் குடிக்கல."

அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மகளின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மடங்காத விரல்களை ஒவ்வொன்றாக நீவினார். நான் வராந்தாவுக்கு வந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க, நின்றபடியே அழுதேன்.